ஷூவைக் கழற்றி விசிலை எடுக்கப்போகும் கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்கு

வணக்கம்.

வங்கி, ரயில்வே, காவல்துறை, வருமான வரித்துறை என்று ஏதோ ஓர் அலுவலக அணியில் பத்துப் பதினைந்து வருடம் ஆடிவிட்டீர்கள். இப்போது நீ-கேப் போடாமல் கோர்ட்டில் இறங்க முடியவில்லை. "அடுத்த சீசனோட நிறுத்திட்டு கோச்சிங் பக்கம் போயிடலாம்" என்று பேச ஆரம்பித்திருக்கிறீர்கள். இந்த மடல் உங்களுக்குத்தான்.

இத்தனை வருடம் ஆடியவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதா என்று ஊர் சொல்லும். தானாகத் தெரிந்துவிடாது. ஆடுவது ஒரு தொழில், ஆடவைப்பது இன்னொரு தொழில். அந்த இரண்டாவது தொழிலை ஷூவைக் கழற்றிய பிறகு கற்கலாம் என்று விட்டால், அதற்கு விலை கொடுப்பவர்கள் உங்கள் கையில் முதலில் சிக்கும் பன்னிரண்டு பிள்ளைகள். ஆடிக்கொண்டிருக்கும் கடைசி இரண்டு வருடத்திலேயே அதைத் தொடங்கிவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறோம்.

அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில் ஆடிய ஸ்டீவ் கெர்ரை எடுத்துக்கொள்வோம். லீக் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1988-இல் இரண்டாம் சுற்றில், 50-வது ஆளாக எடுக்கப்பட்டவர். உயரமும் இல்லை, பெரிய வேகமும் இல்லை. பதினைந்து சீசன் ஆடி, சராசரியாக ஆட்டத்துக்கு ஆறு புள்ளிதான் எடுத்தார். பெரும்பாலும் பெஞ்சிலிருந்து இறங்கியவர். ஆனால் மூன்று புள்ளி ஷாட்டில் அவருடைய 45.4 சதவீதம் என்.பி.ஏ. வரலாற்றிலேயே முதலிடம். சிகாகோ புல்ஸோடு மூன்று, சான் அன்டோனியோ ஸ்பர்ஸோடு இரண்டு என ஐந்து சாம்பியன் பட்டம். கல்லூரியில் லூட் ஓல்சன், கிளீவ்லாந்தில் லென்னி வில்கன்ஸ், சிகாகோவில் ஃபில் ஜாக்சன், சான் அன்டோனியோவில் கிரெக் போபோவிச் என்று வரிசையாகப் பெரிய பயிற்சியாளர்களின் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்திருக்கிறார். 2003-இல் ஆட்டத்தை நிறுத்திய பிறகு டிவி வர்ணனை, 2007 முதல் 2010 வரை ஃபீனிக்ஸ் சன்ஸின் பொது மேலாளர் வேலை, மறுபடி வர்ணனை. 2014-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனபோது, அதற்கு முன் எந்த அணிக்கும் அவர் பயிற்சி கொடுத்ததில்லை. முதல் வருடமே 67 வெற்றி, 15 தோல்வி. நாற்பது வருடம் கழித்து அந்த அணிக்கு ஒரு பட்டம்.

இதைப் படித்துவிட்டு "பார், அனுபவமே இல்லாமல் ஜெயித்தார்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நேர்காணலுக்குப் போகும்போதே அணியை எப்படி நடத்துவது என்று விரிவாக எழுதித் தயாரித்து வைத்திருந்தார். அந்தக் கோடையில் தன் அணி ஆட்டக்காரர் ஆன்ட்ரூ போகட்டைப் பார்க்க ஆஸ்திரேலியா வரை போனார். பீட் கேரல் நடத்திய சியாட்டில் அமெரிக்கக் கால்பந்து அணியின் முகாமுக்குப் போய், பயிற்சி எப்படி நடக்கிறது என்று பார்த்துவந்தார். தனக்கு எது தெரியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது: தாக்குதல் ஆட்டம் அமைக்க ஆல்வின் ஜென்ட்ரியையும் டிஃபென்ஸுக்கு ரான் ஆடம்ஸையும் உதவிப் பயிற்சியாளர்களாக வைத்துக்கொண்டார். இருவரும் அந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

எதிர்ப்பக்கத்தில் மேஜிக் ஜான்சன். ஆட்டக்காரராக அவருக்கு ஈடு சொல்ல ஆட்கள் குறைவு. 1994-இல் லேக்கர்ஸின் கடைசி 16 ஆட்டத்துக்குப் பயிற்சியாளராக உட்கார்ந்தார். 5 வெற்றி, 11 தோல்வி. அந்த நாற்காலிக்கு அவர் திரும்பி வரவேயில்லை. உடம்பே யோசித்து ஆடும் ஆட்டக்காரருக்கு, அதையே வாயால் சொல்லச் சொன்னால் வார்த்தை வராது. பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு அந்த வார்த்தைகளைச் சேர்க்க வருடக்கணக்கில் நேரம் கிடைத்திருக்கும். உங்களில் பெஞ்ச் பிளேயராகவே காலம் தள்ளியவர்கள் இருந்தால், அந்த வருடங்களை வீண் என்று நினைக்காதீர்கள்.

தொடக்க ஐவரில் ஆடுபவருக்கும் பெஞ்ச் ஒருநாள் வரும், காயம் என்ற பெயரில். அமெரிக்க மகளிர் லீக் ஆட்டக்காரர் பெக்கி ஹாமன் 2013-இல் ஏ.சி.எல். எனும் முழங்கால் தசைநார் கிழிந்து சீசனை இழந்தார். தேறிவந்த அந்த மாதங்களில் ஸ்பர்ஸ் அணியின் பயிற்சிகளுக்கும் கூட்டங்களுக்கும் போய் உட்கார்ந்தார். 2014-இல் அதே அணி அவரை உதவிப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. 2022-இல் மகளிர் அணியான லாஸ் வேகஸ் ஏசஸின் தலைமைப் பயிற்சியாளராகி அந்த வருடமும் அடுத்த வருடமும் பட்டம் வென்றார். நம் ஊரில் காயம் பட்டவர் வீட்டில் படுத்துவிடுகிறார். ஊன்றுகோலோடாவது மைதானத்துக்கு வந்து, கோச் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள்.

சரி, எதைக் கற்பது?

முதலில் வார்த்தை. க்ளோஸ்-அவுட்டை எடுத்துக்கொள்வோம். சக ஆட்டக்காரருக்கு ஹெல்ப்புக்காக உள்ளே வந்த டிஃபெண்டர், பந்து மூலைக்குப் போனதும் தன் ஆளை நோக்கி ஓடிவந்து நிற்க வேண்டும். ஒரு நாளைக்கு நூறு முறை செய்திருப்பீர்கள். இதைப் பதின்மூன்று வயதுப் பையனுக்கு எப்படிச் சொல்வீர்கள்? "ஏறிப் போடா", "எனர்ஜி பத்தல" என்றால் அவனுக்கு ஒன்றும் விளங்காது. நடப்பது இதுதான்: தூரம் நாலைந்து மீட்டர். முதல் மூன்றில் இரண்டு பங்கு முழு ஓட்டம். கடைசி ஒன்றரை மீட்டரில் அடி சின்னதாகி, தரையைத் தட்டித் தட்டி வர வேண்டும். அதே நேரத்தில் இடுப்பு இறங்க வேண்டும், எடை பின்பக்கம் தங்க வேண்டும். ஷூட்டர் எந்தக் கையால் போடுவானோ அந்தப் பக்கத்துக் கை மேலே போகும், மற்றக் கை டிரிபிள் பக்கம் இருக்கும். ஒரு கை நீளத்தில் நிற்க வேண்டும். கால்கள் இரண்டும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. ஒன்று முன்னால், எந்தப் பக்கம் அவனை விரட்ட நினைக்கிறோமோ அதற்குத் தக்கபடி.

இதில் பையன் செய்யும் தவறு நாலு விதம். கடைசிவரை நீட்டி நீட்டி ஓடிவந்தால் உடம்பின் வேகம் அடங்காது. ஷூட்டர் ஒரே டிரிபிளில் தாண்டிப் போய்விடுவான். சின்ன அடியைச் சீக்கிரமே தொடங்கினால் நேரம் போய், ஷாட் சுலபமாக விழும். பந்தைப் பார்த்தே ஓடிவருபவன், ஷாட் போடுவதுபோல் ஏமாற்றும் பம்ப் ஃபேக்குக்குக் குதித்துவிடுவான். அவன் கண் ஷூட்டரின் இடுப்பில் இருக்க வேண்டும். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வருபவனுக்கு இடுப்பு இறங்காது. நாலும் ஒரே பையனிடம் இருந்தாலும் ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் திருத்த வேண்டும். வரிசை: கால், இடுப்பு, கண், கடைசியாகக் கை. காலைச் சரிசெய்தால் மற்றதில் பாதி தானாக வந்துவிடும். கையிலிருந்து தொடங்கும் கோச்தான் அதிகம், ஏனென்றால் கைதான் கண்ணுக்குத் தெரிகிறது.

இதுபோல நீங்கள் யோசிக்காமல் செய்யும் இருபது அசைவுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் எழுதுங்கள். இடதுகை லே-அப் (ரிங்குக்கு ஓடிப்போய்ப் பக்கத்திலிருந்து பந்தைப் போடுவது), ஜம்ப் ஸ்டாப், ஸ்க்ரீனைச் சுற்றி வெளியே வருவது, பாக்ஸ்-அவுட், உள்ளே பாஸ் கொடுக்கும் கோணம். எழுதியதைக் கூடைப்பந்து ஆடாத ஒருவரிடம் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே உங்கள் வார்த்தை போதவில்லை.

அடுத்தது பயிற்சித் திட்டம். ஒரு ஏ4 தாளில், நிமிடம் போட்டு எழுதாத பயிற்சி பாதிநேரம் பேச்சிலும் வரிசையில் நிற்பதிலும் போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினாலு பிள்ளைகள், ஒரு ரிங், ஒரு பந்து, வழக்கமான லே-அப் வரிசை. ஒரு லே-அப்புக்கு ஐந்து விநாடி என்றால் பத்து நிமிடத்தில் 120. ஆளுக்கு எட்டோ ஒன்பதோ. இரண்டு ரிங்கையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் வலமும் இடமும் மாறி மாறிப் பந்தோடு வரவைத்தால் மூன்று விநாடிக்கு ஒன்று விழும். அதே பத்து நிமிடத்தில் 400, ஆளுக்கு இருபத்தெட்டு. பந்து போதாது என்பீர்கள். எட்டுப் பந்து வேண்டும். அதைச் சேர்ப்பதும் கோச்சின் வேலைதான்.

தொண்ணூறு நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: பந்தோடு வார்ம்-அப் 8, லே-அப் 10, ஒன்றுக்கு ஒன்று க்ளோஸ்-அவுட் 12, தண்ணீரும் ஆளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோவும் 5, அரைக் கோர்ட்டில் மூன்றுக்கு மூன்று 15, எண்ணிக்கை வைத்து ஷூட்டிங் 10, ஐந்துக்கு ஐந்து 20, களைத்த பிறகு மறுபடி ஃப்ரீ த்ரோ 5, உடம்பைத் தளர்த்தல் 5. மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓடவைப்பது இதில் இல்லை. சிமென்ட் தரையில் அந்த ஓட்டம் முழங்காலைத் தேய்க்குமே தவிர, 28 மீட்டர் கோர்ட்டில் நின்று திரும்பி ஓடும் ஓட்டத்துக்கு அவ்வளவாக உதவாது.

ஐந்துக்கு ஐந்தைச் சும்மா ஆடவிடாதீர்கள். கெர் வந்தபோது வாரியர்ஸ் பாஸ் எண்ணிக்கையில் லீகிலேயே கடைசியில் இருந்தது. ஸ்டெஃபன் கரியும் க்ளே தாம்சனும் இருந்தும் பந்து ஓர் ஆளின் கையிலேயே நின்றது. அவர் ஆட்டத்துக்கு 300 பாஸ் என்று இலக்கு வைத்தார். நீங்களும் மூன்று பாஸுக்கு முன் ஷாட் கிடையாது என்று விதி வைக்கலாம். ஆனால் ஒரு வாரத்தில் பிள்ளைகள் அதைப் புரிந்துகொண்டு, வெளிவட்டத்திலேயே மூன்று வெற்று பாஸ் கொடுத்துவிட்டு அதன் பிறகுதான் ஆடத் தொடங்குவார்கள். அதனால் மூன்றில் ஒன்றாவது பெயின்ட்டுக்குள், அதாவது ரிங்குக்குக் கீழே வண்ணமடித்த பகுதிக்குள் போய்வர வேண்டும் என்று சேர்த்துவிடுங்கள். டிஃபென்ஸ் உள்ளே சுருங்கினால்தான் வெளியே ஆள் காலியாவான்.

டைம்-அவுட் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய ஆட்டக்காரர்கள் தடுமாறும் இடம் இதுதான். என்.பி.ஏ. பார்த்துப் பழகிய கண்ணோடு, சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியில் நடக்கும் ஆட்டத்துக்கு வராதீர்கள். இங்கே முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. அந்த மூன்றிலும் நாலாவது குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. முதல் பாதியில் மிச்சமானது அடுத்த பாதிக்கு வராது. ஆட்டக்காரர் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். தலைமைப் பயிற்சியாளரோ முதல் உதவிப் பயிற்சியாளரோ ஸ்கோர் டேபிளில் கை சைகையோடு கேட்க வேண்டும். பந்து உயிரோடு இருக்கும்போது கத்திப் பயனில்லை. விசில் அடித்துக் கடிகாரம் நிற்க வேண்டும், அல்லது எதிரணி கூடை போட வேண்டும். இத்தனை வருடம் ஆடியவர்களிலும் இதை முழுதாகத் தெரிந்தவர் குறைவு, ஏனென்றால் அந்தக் கவலை அப்போது கோச்சுடையது.

ஒரு டைம்-அவுட் 60 விநாடி. 50-ஆவது விநாடியில் டேபிளிலிருந்து சத்தம் வரும். முதல் 15 விநாடி பிள்ளைகள் தண்ணீர் குடிக்கட்டும், மூச்சு வாங்கட்டும். நீங்கள் நாலடி தள்ளி நின்று உதவியாளரோடு பேசுங்கள். அடுத்த 30 விநாடியில் டிஃபென்ஸில் ஒரு மாற்றம், தாக்குதலில் ஒரு மாற்றம். மூன்றாவது ஒன்றைச் சொன்னால் முதலிரண்டும் மறந்துபோகும். மிச்ச நேரத்தில் ஐந்து பேரின் பெயர், யார் பந்தை உள்ளே எறிவது, யாருக்கு எத்தனை ஃபவுல், நம் டீம் ஃபவுல் எத்தனை. ஒரு குவார்ட்டரில் நாலு ஆகிவிட்டால் அடுத்ததிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ என்பது களத்தில் இருக்கும் பிள்ளைக்கு நினைவிருக்காது. எரிந்து விழுவதற்கு இந்த அறுபது விநாடியில் இடமே கிடையாது.

1997 என்.பி.ஏ. இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம், சிகாகோ யூட்டாவோடு, 86-86. கடைசி டைம்-அவுட்டில் மைக்கேல் ஜோர்டன் பக்கத்திலிருந்த கெர்ரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: எதிரணியின் ஸ்டாக்டன் உன்னை விட்டுவிட்டு என்னை மறிக்க வருவான், தயாராக இரு. அப்படியே வந்தான். பாஸ் வந்தது, ஐந்து விநாடி மிச்சமிருக்கும்போது கெர் போட்டார், பட்டம் கிடைத்தது. ஓர் ஆளுக்கு ஒரு வேலை, என்ன நடக்கும் என்ற காரணத்தோடு. டைம்-அவுட்டில் சொல்ல வேண்டியதன் அளவு அவ்வளவுதான்.

வீடியோ பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். மயாமி ஹீட்டின் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா ஜெர்மனியில் இரண்டு வருடம் ஆடிவிட்டு வந்து, 1995-இல் அந்த அணியின் வீடியோ அறையில் சேர்ந்தவர். 2012-லும் 2013-லும் அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் பட்டம் வாங்கிக்கொடுத்தார். நமக்கு அறை தேவையில்லை, ஒரு போன் போதும். கேலரியில் நடுக்கோட்டுக்கு நேராக, ஆள் உயரத்துக்கு மேலே, படுக்கை வாக்கில் வையுங்கள். பந்தின் பின்னாலேயே கேமராவைத் திருப்பாதீர்கள். பந்து இல்லாத ஒன்பது பேர் என்ன செய்கிறார்கள் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாவது தடவை டிஃபென்ஸ் மட்டும். மூன்றாவது தடவை ஒரே ஓர் ஆட்டக்காரரை மட்டும். அணிக்குக் காட்டும்போது எட்டுத் துண்டுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் பத்து விநாடிக்குள். ஒரு பிள்ளையின் தவறை எல்லோர் முன்னாலும் காட்டாதீர்கள். அவனைத் தனியாக அழைத்து, அவன் நன்றாகச் செய்த இரண்டையும் தவறிய ஒன்றையும் சேர்த்துக் காட்டுங்கள்.

இனி எல்லாவற்றிலும் கடினமானது. நேற்றுவரை உங்களை "அண்ணா" என்று தோளில் கை போட்டவன் இன்று "சார்" என்கிறான். கூட ஆடிய நண்பனை நீங்களே பெஞ்சில் உட்காரவைக்க வேண்டிவரும். கணக்கு இரக்கமில்லாதது: 40 நிமிடம், ஐந்து பேர், ஆக 200 நிமிடம். தொடக்க ஐவருக்கு ஆளுக்கு 30 கொடுத்தால் 150 போய்விடும். மிச்சம் 50-ஐ ஏழு பேர் பங்குபோட வேண்டும். அந்த ஏழு பேரிடமும் சீசன் தொடங்கும் முன்பே தனித்தனியாக உட்கார்ந்து, உனக்கு ஏறக்குறைய இவ்வளவு நிமிடம், அதில் இந்த வேலை என்று சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் போர்டில் பார்த்துத் தெரிந்துகொள்ளவிட்டால் அந்தக் காயம் சீசன் முழுக்க ஆறாது.

கெர் முதல் வருடமே ஆன்ட்ரே இகுவோடாலாவைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்தார். அதுவரை தன் வாழ்நாளில் பெஞ்சிலிருந்து இறங்கியே பழக்கமில்லாத மூத்த ஆட்டக்காரர் அவர். இரண்டாம் வரிசைக்கு நல்ல பாஸர் வேண்டும், இளையவர் ஹாரிசன் பார்ன்ஸுக்குத் தொடக்கத்தில் ஆடினால்தான் நம்பிக்கை வரும் என்று காரணத்தைச் சொல்லிக் கேட்டார். இகுவோடாலா ஒப்புக்கொண்டார். மூத்தவர் இறங்கிக்கொடுத்த பிறகு அணியில் வேறு யாரால் முனக முடியும்? அதே சீசனின் இறுதிச் சுற்றில் 2-1 என்று பின்தங்கியபோது, போகட்டுக்குப் பதில் இகுவோடாலாவைத் தொடக்கத்தில் இறக்கலாம் என்று யோசனை சொன்னவர் நிக் உ'ரென், 28 வயது உதவியாளர். கெர் ஏற்றுக்கொண்டார், அடுத்த மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தார்கள், இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது இகுவோடாலாவுக்குப் போனது. உங்கள் பெஞ்சில் சின்னப் பையன் ஒருவன் யோசனை சொன்னால், யோசனையை எடை போடுங்கள், அவன் வயதைப் போடாதீர்கள்.

குரலுக்கும் ஆயுள் உண்டு. ஒரே குரலை வருடக்கணக்கில் கேட்டால் காது அடைத்துக்கொள்ளும். 2018 பிப்ரவரியில் தன் பேச்சு அணியிடம் எடுபடவில்லை என்று உணர்ந்த கெர், ஃபீனிக்ஸோடு நடந்த ஆட்டத்தில் போர்டை ஆட்டக்காரர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். டைம்-அவுட்டில் அவர்களே வரைந்தார்கள், அவர்களே பேசினார்கள். 129-83 என்று ஜெயித்தார்கள். மாதம் ஒரு பயிற்சியாவது இப்படிப் பிள்ளைகளிடம் விட்டுப்பாருங்கள். யார் பேசுகிறான், யார் பேச்சை மற்றவர்கள் கேட்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரியும். உங்கள் அடுத்த கேப்டன் அவன்தான்.

உடம்பையும் கவனியுங்கள். ஆடும்போது பிசியோ இருந்தார், கோச் ஆனதும் யாரும் கேட்க மாட்டார்கள். கெர் 2015-16 சீசனில் முதுகு அறுவை சிகிச்சையின் சிக்கலால் 43 ஆட்டங்கள் பெஞ்சுக்கு வர முடியாமல் போனார். அந்த ஆட்டங்களை நடத்திய உதவியாளர் லூக் வால்டன் அதில் 39-ஐ ஜெயித்தார். நீங்கள் இல்லாத நாளிலும் பயிற்சி நடக்கும்படி ஒருவரைத் தயார்செய்து வைப்பதும் இந்தத் தொழிலில் சேர்த்திதான்.

பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தின் (என்.ஐ.எஸ்.) பயிற்சியாளர் டிப்ளமாவுக்கு விடுப்பு வேண்டும், அலுவலக அனுமதி வேண்டும். ஓய்வுக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளாமல் இப்போதே கடிதம் கொடுங்கள். அதற்கும் முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த டோர்னமென்ட்டில் உங்கள் ஆட்டம் முடிந்ததும் கிட்டைத் தூக்கிக்கொண்டு ரூமுக்குப் போகாதீர்கள். அடுத்த ஆட்டத்துக்கு ஸ்கோர் டேபிளுக்குப் பின்னால் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி, நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் ஒவ்வொரு டைம்-அவுட்டும் எந்த நிமிடத்தில், எந்த ஸ்கோரில் எடுக்கப்பட்டது. வலப்பக்கம் அதற்கடுத்த மூன்று பொசஷனில், அதாவது ஓர் அணி பந்தை வைத்து ஆடும் மூன்று முறைகளில், என்ன நடந்தது.

அன்புடன்,
மைதானத்தில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பவர்கள்